தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒண்ணு கர்த்தருக்கு) கிராஸ் சம்பளத்துலயா கைக்கு வர்றதுலயா? அம்மா மருந்து செலவ கழிச்சா தப்பா?

ஜெபி_அம்பத்தூர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்க கேள்வி, சண்டை போடாம பதில் சொல்லுங்க ப்ளீஸ். எனக்கு கிராஸ் 48,000, பிஎஃப் அது இதுன்னு போக கைக்கு 42,300. வாடகை 11,000. அப்பா தவறி நாலு வருஷம் ஆச்சு, அம்மா சாத்தான்குளம் பக்கம் ஊர்ல தனியா இருக்காங்க, சுகர் பிபி ரெண்டும் உண்டு, இன்சுலின் மாத்திரை டெஸ்ட்டுன்னு மாசம் 5,000 கிட்ட அனுப்புறேன், அவங்க வீட்டுச் செலவுக்கு தனி. இதுவரை அம்மாவுக்கு அனுப்புறத கழிச்சிட்டு மீதில பத்துல ஒண்ணு கவர்ல போட்டுட்டு வந்தேன். போன மாசம் இங்க நான் போற சபைல இத பேச்சுவாக்குல சொல்லிட்டேன் (வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம்), பாஸ்டர் "கர்த்தருக்கு கொடுக்காத பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்"னு சொல்லிட்டார். பொதுவா சொன்னாரா எனக்கு சொன்னாரான்னு புரியல, ஆனா எங்க வீட்டுப் பணம் ஏற்கனவே அங்கதானே போகுது. அன்னைக்கு ராத்திரியே அம்மா போன் பண்ணி சுகர் 310ன்னு சொன்னதும் வயித்த கலக்கிருச்சு. நான் தேவனை வஞ்சிக்கிறேனா?

கைப்பிடி_அரிசி:
தம்பி, நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து மொத்த சம்பளத்துலதான் எடுத்து வைக்கிறேன், ஒரு நாளும் குறைஞ்சு போனதில்ல. பைபிள்ல மல்கியா 3:10ல தசமபாகத்த பண்டசாலைக்கு கொண்டு வாங்க, அதுல என்னைச் சோதிச்சுப் பாருங்கன்னு தேவனே சொல்றார், வேற எங்க அப்படி சொல்றார்? எங்க அம்மா உலைல அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி அள்ளி பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போடுவாங்க, ஞாயித்துக்கிழமை அது கோயிலுக்கு போகும். வீட்ல ஆறு பிள்ளைங்க, சில நாள் கஞ்சிதான், அன்னைக்கும் அந்த பிடி போகும். நாங்க கொடுக்கப் பழகினது அங்கதான். உங்க பாஸ்டர் சொன்ன விதம் சரியில்ல, அதுக்காக கணக்குப் போட்டு கழிக்க ஆரம்பிச்சா இன்னைக்கு மருந்து, நாளைக்கு பைக் டியூ, அப்புறம் கழிக்கிறதுக்கு முடிவே இருக்காது.

சும்மா_ஒருத்தன்:
கிராஸ்ல கொடுத்தா கிராஸ்ல ஆசீர்வாதம், நெட்ல கொடுத்தா நெட்ல ஆசீர்வாதம், எங்க ஊர் பிரசங்கியார் சொன்னது 😀

பாளை_வாசகன்:
கைப்பிடி_அரிசி அக்கா சொன்னதுல கடைசி வரி நியாயம், ஆனா மல்கியாவ மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னா பாதிதான் தெரியும். அங்க சொல்ற பண்டசாலை நிஜமான தானியக் களஞ்சியம், அதுல இருந்துதான் நிலம் இல்லாத லேவியருக்கு (ஆலய வேலை செஞ்ச கோத்திரம்) பங்கு போச்சு, நெகேமியா 13ல பாருங்க, பங்கு வராததால அவங்க ஆலய வேலைய விட்டுட்டு வயலுக்கு ஓடிட்டாங்க. அடுத்து உபாகமம் 14 வாசிங்க, இத யாரும் காணிக்கை நேரத்துல வாசிக்க மாட்டாங்க. தசமபாகத்த குடும்பத்தோட கர்த்தர் சந்நிதில சாப்பிட்டு சந்தோஷப்படணும், தூரமா இருந்தா பணமாக்கி எடுத்துட்டுப் போயி ஆடு மாடு திராட்சரசம் எது ஆசையோ வாங்கிக்கலாம்னு இருக்கு. மூணாவது வருஷப் பங்கு அவங்கவங்க ஊருக்குள்ளயே வைக்கணும், யாருக்கு? லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. தம்பி உங்க அம்மா யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

ஆனா அதுக்காக அம்மாவுக்கு அனுப்புறதையே தசமபாகம்னு எழுதிக்காதீங்க, அது தானமே கிடையாது, பிள்ளை செய்ய வேண்டிய கடமை. 1 தீமோத்தேயு 5ல பவுல் சொல்றதே, பிள்ளை பேரப்பிள்ளை இருக்க விதவைய அவங்கதான் பாக்கணும், சபை மேல பாரம் வைக்கக்கூடாது, சபை பணம் யாரும் இல்லாத விதவைக்குப் போகட்டும்னுதான். தன் வீட்டார விசாரிக்காதவன் அவிசுவாசிய விட மோசம்னும் சொல்றார். மாற்கு 7ல இயேசு கோபப்பட்டது இன்னும் நேரா உங்க விஷயம், அப்பா அம்மாவுக்கு கொடுக்க வேண்டியத "கொர்பான்", அதாவது காணிக்கை ஆயிருச்சுன்னு சொல்லி கைய விரிச்சவங்கள. அப்ப கடமைய முதல்ல செய்யுங்க, அப்புறம் மனசுல நியமிச்சபடி கொடுங்க, கட்டாயத்துக்கு வேண்டாம், அது 2 கொரிந்தியர் 9:7.

கைப்பிடி_அரிசி:
மாற்கு 12ல ஏழை விதவை ஆலய காணிக்கைப் பெட்டில ரெண்டு காசு போட்டத மறந்துட்டீங்களா தம்பி? அவ எதையும் கழிக்கல, இருந்தது முழுக்க போட்டா.

பாளை_வாசகன்:
மறக்கல அக்கா. அதுக்கு சரியா முன்னாடி உள்ள வசனத்தையும் சேத்து வாசிங்க, விதவைகளின் வீடுகள பட்சிக்கிற வேதபாரகர (வேதச் சட்டம் போதிக்கிறவங்கள) இயேசு திட்டி முடிச்ச கையோடதான் இவ வந்து காசு போடுறா. அவ மனச அவர் மெச்சினார், சரி. ஆனா அவகிட்ட இருந்து வாங்கினவங்கள மெச்சினார்னு எங்கயும் இல்ல.

பழைய_பொருளாளர்:
நான் எங்க சேகரத்துல (பல சபை சேர்ந்த வட்டாரம்) ஒரு சபைக்கு ஆறு வருஷம் பொருளாளரா இருந்தவன், கணக்குப் புத்தகத்துல பாத்தத சொல்றேன். பீடி சுத்துற அம்மா ஒருத்தங்க வாரா வாரம் 50 ரூபாய நாலா மடிச்சு உள்ளங்கைல ஒளிச்சு வச்சு பைல போடுவாங்க, பேரும் வேண்டாம் ரசீதும் வேண்டாம். இன்னொரு பக்கம் ஒருத்தர் நாலு ஃபேன் வாங்கித் தந்தார், நாலு ஃபேன்லயும் இறக்கைக்கு இறக்கை "உபயம்"னு அவர் பேரு, ஃபேன் சுத்துறப்ப பேரு தெரியலன்னு அப்புறம் சுவத்துல கிரானைட் கல்லு கேட்டார். அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு நாட்டுக்கோழி முட்டை 2,500க்கு போச்சு, ரெண்டு மச்சான்மாருக்கு இடைல வீம்பு, அவ்வளவுதான், அந்த பணத்துல கோயில் ஓடு மாத்தினோம், அதையும் சொல்லணும்ல. கிராஸா நெட்டான்னு கேட்டு என்கிட்ட வந்தவங்க எல்லாருமே சம்பளக்காரங்கதான். வியாபாரம் பண்றவர் ஒருத்தர் கூட கேட்டதில்ல, அவருக்கு கிராஸ் எதுன்னு அவருக்கே தெரியாது.

வின்சென்ட்_சபை_ஆளு:
நாங்க ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), எங்க பக்கம் தசமபாகம்னு அழுத்தி கேக்க மாட்டாங்க. நான் ஏழைகளுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபைல இருக்கேன், 1833ல பாரிஸ்ல காலேஜ் பசங்க ஆரம்பிச்சது. கூட்டம் முடியுறப்ப ஒரு பை சுத்தி வரும், எல்லாரும் மூடின கைய உள்ள விட்டு எடுப்போம், எவ்வளவு போட்டான், போட்டானா இல்லையான்னே பக்கத்துல இருக்கவனுக்கு தெரியாது. அதுல அரிசி பருப்பு வாங்கி ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக்கு போவோம். போயி அரைமணி நேரம் திண்ணைல உக்காந்து கேக்குறதுதான் கஷ்டம், பணம் கொடுக்குறது ஈஸி.

சும்மா_ஒருத்தன்:
சீரியஸா ஒண்ணு. சம்பளம் ஏறட்டும் நிறைய கொடுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு, மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச பிரசங்கியார் ஜான் வெஸ்லி கணக்கு. ஆக்ஸ்ஃபோர்டுல வருஷம் 30 பவுண்டு வந்தப்ப 28ல வாழ்ந்துட்டு 2 கொடுத்தார், 60 வந்தப்பவும் செலவு அதே 28தான், 32 கொடுத்தார், 90 வந்தப்ப 62, 120 வந்தப்ப 92. பத்துல ஒண்ணு எல்லாம் எங்கயோ பின்னாடி நின்னுபோச்சு. எனக்கு இன்கிரிமெண்ட் வந்தா புது போன்தான் வருது.

ஜெபி_அம்பத்தூர்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து அம்மாட்ட போன்ல இத முழுசா வாசிச்சு காட்டினேன், பீடி சுத்துற அம்மா வந்த இடத்துல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா சொல்றாங்க, நான் மருந்துக்கு அனுப்புறதுல மாசம் 500 எடுத்து கோயிலுக்கு கொடுத்துட்டு இருக்காங்களாம், பத்துல ஒண்ணு சரியா. எப்படிம்மா மிச்சம் வருதுன்னு கேட்டா "இன்சுலின் ஒரு நேரம் விட்டா ஒண்ணும் ஆகாது, கர்த்தர் பாத்துக்குவார்"ங்கிறாங்க. அந்த 310 எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பதான் தெரியுது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல ஊருக்கு கிளம்புறேன். பாளை_வாசகன் அண்ணே, அந்த விதவை காசு போட்ட வசனத்தையும் அதுக்கு முன்னாடி வசனத்தையும் சேத்து அவங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு கொஞ்சம் சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க.