எண்ட்லெஸ் ஸ்கை: கப்பலின் இழுவையைக் குறைப்பது நியாயமா?

வால்மீன்:
விண்வெளியில் காற்று இல்லை. ஆனால் எண்ட்லெஸ் ஸ்கை என்ற இந்த விண்வெளிக் கணினி விளையாட்டில் எஞ்சினை அணைத்ததும் கப்பல் சேற்றில் சிக்கியதுபோல் நின்றுவிடுகிறது. நிறை 100, இழுவை (வேகத்தைக் குறைக்கும் எதிர்விசை) 2 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது நொடிக்கு 60 முறை, வேகத்தில் 2% போகிறது. ஒரு நொடியில் 30% மட்டுமே மிஞ்சும். விளையாட்டின் தரவை மாற்றும் செருகுநிரல் எழுதி இழுவையை 0.1 ஆக்கினேன். இப்போது 94% மிஞ்சுகிறது. ஓட்டுவதே புதுக் கலையாகிவிட்டது. எல்லோரும் முயன்று பாருங்கள்.

நங்கூரம்:
உச்ச வேகம் என்பது உந்துவிசையை இழுவையால் வகுத்தால் வருவது. அதை நீங்கள் 20 மடங்கு உயர்த்திவிட்டீர்கள். ஏவுகணைகளுக்கோ பழைய இழுவைதான். ஓட ஆரம்பித்துவிட்டால் எந்த ஏவுகணை உங்களைப் பிடிக்கும்? இதைத் திறமை என்று ஏற்க மாட்டேன்.

வால்மீன்:
முடுக்கம் உந்துவிசையையும் நிறையையும் பொறுத்தது, அது மாறவில்லை. அந்த உச்ச வேகத்தைச் சண்டைக்கு நடுவே யாரும் எட்டுவதில்லை. ஹைப்பர்டிரைவில் வேறொரு விண்மீன் மண்டலத்துக்குத் தாவ வேண்டுமானால் மூக்கைத் திருப்பி, எதிர்த்திசையில் எரித்து, ஏறக்குறைய நிற்க வேண்டும். வேகத்துக்கு அதுவே விலை.

நங்கூரம்:
கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் எண்களின்படியே, ஒரு நொடி எரித்தாலே பழைய உச்ச வேகத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். இரண்டாவது நொடி முதல் எல்லாமே இலவச லாபம்.

சுக்கான்:
எல்லாக் கப்பல்களுக்கும் ஏவுகணைகளுக்கும் சேர்த்தே குறைத்தால் என்ன? கணினி ஓட்டும் கப்பல்கள் முடுக்கத்தையும் திரும்பும் வேகத்தையும் வைத்துத்தான் நிற்கும் தூரத்தைக் கணக்கிடுகின்றன. அதனால் அவை தடுமாறிவிடாது. ஒன்று கவனியுங்கள்: ஏற்கெனவே வாங்கிய கப்பலின் பண்புகள் சேமிப்புக் கோப்பில் பதிந்திருக்கும். புதிதாக வாங்கும் கப்பலில்தான் மாற்றம் தெரியும்.

நங்கூரம்:
கணக்கிடும், சரி. வேகம் 20 மடங்கானால் நிற்கும் தூரம் 400 மடங்கு! முடுக்கம் குறைந்த சரக்குக் கப்பல் பயணத்தில் பாதியை வேகம் குறைப்பதிலேயே கழிக்கும். இந்த இழுவை, விளையாட்டை எழுதியவர்களின் அறியாமையில் வந்ததல்ல. சண்டை ஒரே திரைக்குள் நடக்க வேண்டும் என்றால் வேகத்துக்கு வரம்பு வேண்டும்.

வால்மீன்:
திரை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சரக்குக் கப்பல்களைத் தொடாமல், போர்க்கப்பல்களுக்கும் ஏவுகணைகளுக்கும் மட்டும் இழுவையை மூன்றில் ஒரு பங்காக்கிப் பார்க்கிறேன். மிதந்தபடியே மூக்கைத் திருப்பி, துரத்துபவனைச் சுடும் அந்த உணர்வை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நங்கூரம்:
அப்போதும் துணையின்றிப் போகும் சரக்குக் கப்பல் கொள்ளையர் கையில் சிக்கும். முதலில் அதைச் சோதியுங்கள்.