டம்ளரில் ஐஸ் போட்டுக் காட்டுகிறவர்களுக்கு

கடலோடி:
நேர்கோடு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டி போடுங்கள், உருகினாலும் மட்டம் ஏறாது, ஆகவே பனி உருகிக் கடல் உயரும் என்பது கட்டுக்கதை" என்கிறார். ஐயா, மிதக்கிற ஐஸுக்கு அது சரி. கிரீன்லாந்துப் பனி மிதக்கவில்லை, பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. அது முழுக்க உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் ஏறும், அண்டார்டிகா என்றால் சுமார் 58. டம்ளருக்கு வெளியே இருக்கிற ஐஸைத் தூக்கி உள்ளே போட்டால் மட்டம் ஏறுமா ஏறாதா, அதை மட்டும் சொல்லுங்கள்.

நேர்கோடு:
முழுக்க உருகினால்! என்றைக்கு? டம்ளர் மட்டம் ஏறாது என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று, எனக்கு அது போதும். இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும் என்று 2007 அறிக்கையில் எழுதி, 2010இல் தவறு என்று ஒப்புக்கொண்ட ஐபிசிசியை, அதாவது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவை, நம்பித்தானே இந்த ஆட்டம்?

கடலோடி:
நான் ஒப்புக்கொண்டது மிதக்கிற ஐஸுக்கு. மி-த-க்-கி-ற. பார்க்கப்போனால் அதுவும் முழுச்சரி இல்லை. கடல் உப்புநீர், உருகி வருவது நன்னீர், அடர்த்தி குறைவு, அதனால் துளியூண்டு ஏறத்தான் செய்யும்.

நேர்கோடு:
ஓ, இப்போது டம்ளரில் உப்பும் போட வேண்டுமா? நாளைக்கு டம்ளரையே மாற்றச் சொல்வீர்கள்.

மூன்றாம்பிறை:
இரண்டு பேரும் அந்த டம்ளரைக் கொஞ்சம் கீழே வையுங்களேன். 1993 முதல் செயற்கைக்கோள் அளவு இருக்கிறது, அதன்படி சுமார் 10 செ.மீ. ஏறியாயிற்று. தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 மி.மீ. சொச்சம், இப்போது 4க்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பனிக்குச் சம்பந்தமே இல்லாதது, தண்ணீர் சூடாகி விரிவதால் வருவது.

நேர்கோடு:
பார்த்தீர்களா, பனி இல்லையாம்! ஸ்டாக்ஹோமில் கடல் மட்டம் இறங்குகிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

கடலோடி:
அங்கே தரை எழும்புகிறது. பனியுகத்தில் அழுத்திக்கொண்டிருந்த பனி போன பிறகு நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. போன வருடம் சூரியப்புள்ளி விவாதத்திலும் இப்படித்தான், பதில் சொன்னதும் அடுத்த கிளைக்குத் தாவினீர்கள், மூன்று வாரம் ஆளையே காணோம்.

நேர்கோடு:
எனக்கு வேலை வெட்டி இருக்கிறது, உங்களைப் போல இல்லை.

சொல்லாய்வான்:
தமிழில் பனிக்கட்டி என்று அழகான சொல் இருக்கும்போது எல்லோரும் ஐஸ், ஐஸ் என்று எழுதுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கடலோடி:
நீங்கள் வேறு. "டம்ளர்" மட்டும் சகிக்கிறதா?

சொல்லாய்வான்:
குவளை என்று எழுதலாம். சொன்னால் கோபம் வருகிறது.

நேர்கோடு:
சரி, விஷயத்துக்கு வருவோம். ஐபிசிசியின் 2021 அறிக்கை கடல் 2100க்குள் 28 செ.மீ. ஏறும் என்கிறது, அதே அறிக்கை 1 மீட்டர் என்றும் சொல்கிறது. இது அறிவியலா, ஜோசியமா?

கடலோடி:
நாம் எவ்வளவு புகை விடுவோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கணக்கு. மேலும், தெரியாமை என்றால் உங்களுக்குச் சாதகமாக மட்டும்தான் சாயுமா? பனிவிரிப்பு நினைத்ததைவிட வேகமாக உடைந்தால் 2 மீட்டரைக்கூட ஒதுக்கிவிட முடியாது என்று அதிலேயே இருக்கிறது, அந்தப் பக்கத்தை நீங்கள் திருப்பவே மாட்டீர்கள். 2002இல் அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியது. அது மிதந்துகொண்டிருந்ததுதான், அது உடைந்ததால் கடல் ஏறவில்லை. ஆனால் பின்னால் இருந்த பனியாறுகளுக்கு அதுதான் அடைப்பு. அடைப்பு போனதும் அவை பல மடங்கு வேகமாகக் கடலுக்குள் இறங்கின. இது எந்த டம்ளரில் தெரியும்?

நேர்கோடு:
மிதந்தது. உடைந்தது. கடல் ஏறவில்லை. நீங்கள் எழுதியதுதான், நான் சேர்த்தது ஒன்றுமில்லை.

கடலோடி:
அடுத்த வரியையும் படியுங்கள்!!

மூன்றாம்பிறை:
நான் கிளம்புகிறேன்.

சொல்லாய்வான்:
"லார்சன் பி" என்பதையும் தமிழ்ப்படுத்தலாம்.

நேர்கோடு:
டம்ளருக்கு இன்னும் பதில் வரவில்லை.