வெள்ளம் வடிந்த பிறகு பாலமும் கரையும் சரிவது ஏன்?

கேள்வி:
வெள்ளம் கரைபுரண்டு ஓடிய மூன்று நாளும் அசையாமல் நின்ற பாலத்தில், நீர் வடிந்த மறுநாள் ஒரு தூண் நான்கு விரற்கடை அளவு இறங்கி, மேல்தளம் விரிசல் விட்டிருந்தது. கரையோரச் சாலையும் அன்றுதான் சரிந்தது. வேகம் தணிந்த பிறகு சேதம் வருவது எதனால்?

பதில் 1:
தூணில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பிச் சுழலாகி, அடித்தளத்தைச் சுற்றியுள்ள மணலை வாரிக்கொண்டு போகிறது. வெள்ளம் தணியும்போது வண்டல் அந்தக் குழியை நிரப்பிவிடுவதால், மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகவே தோன்றும். ஆனால் அந்தத் தளர்ந்த மண் சுமை தாங்காது. 1987 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் வெள்ளத்தின்போது இடிந்து 10 பேர் இறந்ததற்கும் அடிமண் அரிப்பே காரணம்.

பதில் 2:
சாலையின் கதை வேறு. நீரில் ஊறிக் கனத்த கரைமண்ணுக்கு ஆற்றுநீரே முட்டுக்கொடுத்து நிற்கிறது. நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் முட்டு விலகிவிடும். களிமண்ணுக்குள் தேங்கிய நீரோ அவ்வளவு விரைவில் கசிந்து வெளியேறாது. அந்தக் கனத்தோடு முட்டு இழந்த கரை சரிகிறது. ஆகவே நீர் வடிந்ததும் கரையோர வீடுகளுக்கு உடனே திரும்ப வேண்டாம் என்பேன். கரை விளிம்புக்கு இணையாக மயிரிழை வெடிப்பு ஓடினால் விலகியே இருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியொரு வெடிப்பு பக்கத்து வீட்டு முற்றத்தில் இருக்கிறது, இன்றே சொல்லிவிடுகிறேன். பாலத்தை எப்போது திறக்கலாம்?

பதில் 1:
அடித்தளம் எவ்வளவு வெளிப்பட்டிருக்கிறது என்று மூழ்காளர்களோ ஒலியலைக் கருவியோ அளந்து பார்த்த பிறகுதான். இறங்கிய தூண் என்பதால், அதுவரை நடந்து கடப்பதும் கூடாது.