சிதையும் பழங்கட்டடத்தில் தன்னார்வலர்கள் எதுவரை கை வைக்கலாம்?

ஞாயிறுக்குழு கேட்டது:

பல நூற்றாண்டுப் பழமையான, கூரையிழந்த ஒரு கட்டடத்தை நாங்கள் முப்பது பேர் இரண்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம். மணற்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியது. சுவரின் உச்சியில் முளைத்த மரத்தின் வேர், கல் வரிசைகளுக்கு இடையே இறங்கியிருக்கிறது. மேற்குச் சுவரில் தோள் உயரத்தில் தொடங்கும் வெடிப்பு, மேலே போகப் போக அகன்று, உச்சியில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு விரிந்திருக்கிறது. பொறுப்புள்ள துறைக்கு எழுதிய விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை. குழுவினருக்கோ உற்சாகம் மிகுதி. மரத்தை வெட்டி, வெடிப்பைச் சிமெண்டால் அடைத்து, பாசி படிந்த கற்களைத் தேய்த்துக் கழுவிவிடலாம் என்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது; அடுத்த மழையில் சுவர் விழுந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. பயிற்சியில்லாதவர்கள் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

கரணை எழுதியது:

முதலில் சிமெண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பழஞ்சுவர் மழையில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, வெயிலில் அதைச் சுண்ணாம்பு மூட்டுகளின் வழியே வெளிவிடும். அந்த மூட்டுகளைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல்லின் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருக்கும். அதில் கரைந்துள்ள உப்பு கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகி, மேற்பரப்பைப் பொரிபொரியாக உதிர்த்துவிடும். சிமெண்டு பூசிய சில ஆண்டுகளில் பூச்சு அப்படியே நிற்க, சுற்றியிருக்கும் கல் மட்டும் குழிந்து போயிருப்பதை நான் பல சுவர்களில் கண்டிருக்கிறேன். சுண்ணாம்புக் காரை கல்லைவிட வலுக்குறைந்ததாக இருப்பது குறையன்று; சுவர் சற்று அசைந்தால் விரிசல் காரையில் விழும், காரையை மாற்றிக்கொள்ளலாம்.

தேர்ந்தவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஏதென்ஸ் நகரின் பண்டைக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கொலாஸ் பாலானோஸ் என்ற பொறியாளர் செய்த சீரமைப்பில் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் இணைத்தார். பண்டைக் கிரேக்கர்களும் இரும்பையே பயன்படுத்தினார்கள், ஆனால் துரு ஏறாதபடி அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். பாலானோஸ் வைத்த இரும்பு துருவேறிப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. 1975இல் அமைக்கப்பட்ட குழுவின் கீழ் அந்தப் பட்டைகள் அகற்றப்பட்டு, டைட்டானியம் வைக்கப்பட்டது. செய்ததைப் பிற்காலத்தவர் சேதமின்றிக் கழற்ற முடியுமா என்பதே நான் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி.

மரத்தை வேரோடு பிடுங்காதீர்கள். வேர் இப்போது சுவரைப் பிளந்துகொண்டே அதைத் தாங்கியும் நிற்கிறது. உள்ளே இருக்கும் வேர் மக்கினால் ஏற்படும் வெற்றிடத்தைச் சுண்ணாம்புக் கரைசலால் நிரப்பத் தெரிந்தவர் வரும்வரை, பாதுகாப்பாக எட்டக்கூடிய கிளைகளை மட்டும் ஒவ்வொரு பருவத்திலும் கழித்துவிட்டால் காற்றின் இழுப்புக் குறையும். அதற்கும் எழுத்துமூல அனுமதி தேவைப்படலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

வெடிப்பு ஓர் அறிகுறி. அதை அடைத்தால் நோய் மறைந்துகொள்ளும், அவ்வளவுதான். அடியில் மண் இறங்குகிறதா, நீர் அரிக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். ஏணியில்லாமல் எட்டும் மூன்று இடங்களில் வெடிப்பின் அகலத்தை மாதம் ஒருமுறை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப வெடிப்பு விரிந்து சுருங்கும் என்பதால், ஓராண்டு முழுவதும் அளந்தால்தான் அது வளர்கிறதா என்பது புரியும். சுவர் சாய்ந்திருந்தால் கிட்டே போக வேண்டாம்.

தேய்த்தவன் எழுதியது:

பாசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றைச் செய்தவன் நான். எங்கள் குழு ஒரு முறை எழுத்துப் பொறித்த கல் ஒன்றைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, நீர்த்த அமிலம் விட்டுக் கழுவியது. அன்று மாலை எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன, எல்லோரும் கைதட்டினோம். இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு அதே கல்லைப் பார்த்தபோது, தூரிகை கீறிய கோடுகள் எழுத்துக் கோடுகளோடு கலந்து நின்றன; ஒரு வரியின் பாதி செதில் செதிலாக உதிர்ந்திருந்தது.

எழுத்தைப் படிக்கத்தான் தேய்த்தோம் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. இருட்டிய பிறகு ஒரு கைவிளக்கைக் கல்லின் ஓரத்தில் வைத்து, ஒளி மேற்பரப்பைத் தழுவிக்கொண்டு போகுமாறு பிடித்தால், பகலில் கண்ணுக்கே படாத கோடுகூட நிழலோடு எழுந்து நிற்கும். விளக்கை நான்கு பக்கமும் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் படமெடுங்கள். பாசி பெரும்பாலும் நீர் எங்கே தங்குகிறது என்பதைக் காட்டும் அடையாளமே. கல்லோடு ஒட்டி வளரும் கற்பாசியைச் சுரண்டினால் கல்லின் தோலும் கூடவே வரும்.

கூட்டுக்கை எழுதியது:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் அளந்து எழுதுவதை மட்டுமே வேலையாகக் கொடுத்தால் முப்பது பேர் ஆறு மாதத்தில் மூன்று பேராகிவிடுவார்கள். மாலி நாட்டின் ஜென்னே நகரில் 1907இல் இன்றைய வடிவில் எழுந்த மண் பள்ளிவாசலுக்கு, ஆண்டுதோறும் ஊரே திரண்டு மண் பூசுகிறது. இளைஞர்கள் கூடைகளில் மண் சுமக்கிறார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவருகிறார்கள், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளே சாரமாகின்றன. அந்தக் கைகள் ஓய்ந்தால் மழையே கட்டடத்தைக் கரைத்துவிடும். பிரான்சில் ராம்பார் என்ற அமைப்பு 1966 முதல் கோடை முகாம்களில் இளைஞர்களைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் பழக்குகிறது. மக்களைத் தள்ளி நிற்க வைப்பதையே பாதுகாப்பு என்று எண்ணும் போக்கு எனக்கு உடன்பாடில்லை.

கரணை எழுதியது:

ஜென்னேயில் மண் பூசுவது ஊர்தான். எங்கே, எந்தக் கனத்தில் பூசுவது என்பதை முடிவு செய்வது தலைமுறைகளாகத் தொழிலறிந்த கொத்தர்களின் சங்கம். ராம்பார் முகாமிலும் தேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். இவர்களுக்கு அப்படி ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை, எனக்குள்ள தடை அது ஒன்றுதான்.

அளப்பதைச் சிறிய வேலையாக நினைக்கவும் வேண்டாம். ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் அலையரிப்புக்கு உள்ளாகும் தொல்லிடங்களை 2012 முதல் 2016 வரை தன்னார்வலர்களே நேரில் சென்று பார்த்து, பழைய பதிவுகளைத் திருத்தி, எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று முடிவெடுக்க உதவினார்கள். நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆவணமான வெனிஸ் சாசனம்கூடத் தொடர்ந்த பராமரிப்பைத்தான் பாதுகாப்பின் முதல் தேவையாக வைக்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றும் சொல்கிறது.

கை வேலை கேட்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: கட்டடத்தைத் தொடாமல், வேறோரிடத்தில் புதுக் கற்களால் இடுப்பளவு சுவர் ஒன்று கட்டி, சுண்ணாம்பு குழைத்துப் பூசிப் பழகட்டும். பூசியதை ஈரச் சாக்கால் மூடி, காயாமல் காப்பதில்தான் பாதித் தொழில் இருக்கிறது. கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி அணியாமல் யாரையும் குழைக்க விடாதீர்கள். இன்னொன்று, அடுத்த பெருமழையில் குடையோடு போய் நில்லுங்கள். நீர் எந்த மூலையில் தேங்குகிறது, எந்தச் சுவரடியில் பாய்கிறது என்பதை வெயில் நாளில் எந்த நிபுணரும் கண்டுவிட முடியாது.

ஞாயிறுக்குழு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குழுவில் பேசினோம், வாக்குவாதம் வந்தது, ஆனால் சிமெண்டு வேண்டாம் என்பதில் ஒருமித்துவிட்டோம். நேற்றுப் பெய்த மழையில் ஐந்து பேர் போய் நின்றோம். மேற்குச் சுவரின் அடியில் முன்பு எப்போதோ வெட்டிய வாய்க்கால் ஒன்று சருகும் மண்ணும் மூடிக் கிடந்தது. வெடிப்புக்கு நேர் கீழேதான் கணுக்கால் அளவு நீர் தேங்கியிருந்தது. இதைப் படங்களோடும் அளவுகளோடும் சேர்த்துத் துறைக்கு மீண்டும் எழுதப்போகிறோம்.

ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது: அந்த வாய்க்காலில் இருக்கும் சருகைக் கையால் அள்ளலாமா, அல்லது மண்ணுக்குள் பழம்பொருள் இருக்கக்கூடும் என்பதால் அதையும் தொடாமல் விட வேண்டுமா?

கரணை எழுதியது:

மேலே கிடக்கும் காய்ந்த சருகை அள்ளலாம். மண் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, துறையின் பதிலுக்குக் காத்திருங்கள். சுவரிலிருந்து விழுந்த கல் ஏதும் அங்கே கிடந்தால் அதை நகர்த்தாமல், கிடந்த நிலையிலேயே படமெடுத்து வையுங்கள். எந்த இடத்துக் கல் என்பதைக் கண்டுபிடிக்க அது உதவும்.