தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின்: அந்த ஒரு மில்லிகிராம் கணக்கு

கொற்றவை: காலையில் குடும்பக் குழுவில் சித்தப்பா அனுப்பிய செய்தி: "தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடித்தால் மாரடைப்பே வராது, அதில் ரெஸ்வெரட்ரால் இருக்கிறது." அவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ரெஸ்வெரட்ரால் என்பது திராட்சைத் தோலில் இருக்கும் ஒரு பொருள். ஒரு கிளாஸ், அதாவது 150 மில்லி ஒயினில், பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால்கூட இருக்காது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் 150, 500, 1000 மில்லிகிராம் என்று மாத்திரையாகக் கொடுத்தார்கள். அந்த 500 வேண்டுமென்றால் 500 கிளாஸ் குடிக்க வேண்டும்!

மாறன்68: வந்துட்டாங்க. பிரான்ஸ்காரன் வெண்ணெயும் சீஸுமா சாப்பிடுறான், ஆனா இதய நோய் குறைவு. ஒயின்தான் காரணமா இருக்கும்னு பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ 1992லயே லான்செட் மருத்துவ இதழ்ல எழுதிட்டார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

கொற்றவை: ரெனோ சொன்னது ஒரு நாட்டையும் இன்னொரு நாட்டையும் ஒப்பிட்டு. நான் கேட்டது ஒன்றே ஒன்று. கிளாஸில் எத்தனை மில்லிகிராம்?

மாறன்68: எந்த ஒயின்ல? பினோ நுவார்ங்கிற திராட்சை வகை ஒயின்ல அதிகம் இருக்கும். பொத்தாம்பொதுவா ஒரு மில்லிகிராம்னு அடிச்சு விடாதீங்க.

கொற்றவை: பினோ நுவாரே இருக்கட்டும். ஐந்து மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 500 எங்கே, 5 எங்கே? இத்தாலியில் கியாந்தி பகுதியில் 65 வயது தாண்டிய 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் கழிவை அளந்து, ஒன்பது ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2014இல் முடிவு வந்தது. அதிகம் இருந்தவர்களுக்கு ஆயுளும் கூடவில்லை, இதய நோயும் குறையவில்லை.

தேன்சிட்டு: கலோரியை யாரும் பேசலையே. ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி. ஒரு கிளாஸுக்கு 120க்கு மேல போகுது. விட்டமின்னு சொல்லிக்க பெருசா எதுவும் இல்ல.

மாறன்68: தங்கச்சி, இங்க பேச்சு இதயம். எடை குறைக்கிற திரி வேற இருக்கு.

தேன்சிட்டு: எடை ஏறினா இதயத்துக்குத்தானே கேடு அண்ணா? முட்டை மஞ்சள் கரு திரியிலயும் இப்படித்தான் என் வாயை அடைச்சீங்க. மறக்கல.

மாறன்68: அந்தத் திரியில நான் சொன்னதுதான் சரி. ஒயினுக்கு வருவோம். 2015ல இஸ்ரேல்ல சர்க்கரை நோயாளிகள் 224 பேர்ல ஒரு பிரிவுக்கு ரெண்டு வருஷம் ராத்திரிச் சாப்பாட்டோட 150 மில்லி ரெட் ஒயின் கொடுத்தாங்க. நல்ல கொழுப்பு கூடுச்சு. இதுக்கு என்ன பதில்?

கொற்றவை: கூடியது கொஞ்சம். நல்ல கொழுப்பை ஏற்றினால் மாரடைப்பு குறையும் என்று நம்பிக் கொடுத்த மருந்துகளே கைவிட்டுவிட்டன. 2012இல் 67 ஆண்களுக்கு ஆல்கஹால் நீக்கிய ரெட் ஒயின் கொடுத்தபோது ரத்த அழுத்தம் இறங்கியது. ஆல்கஹாலோடு கொடுத்தபோது அப்படி இறங்கவில்லை. சித்தப்பாவுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

மாறன்68: பாத்தீங்களா! திராட்சையில இருக்கிற பாலிஃபீனால், அதான் ரெஸ்வெரட்ரால் மாதிரி தாவரப் பொருட்கள், நல்லதுன்னு உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க.

கொற்றவை: திராட்சைக்கு யார் எதிரி? மது பானங்களை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்கிற முதல் தொகுதியில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே சேர்த்தாகிவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. ரெட் ஒயினுக்கு மட்டும் விலக்கு கிடையாது.

பழைய ஏடு: 'வைன்' என்பதே சரி. 'ஒயின்' என்று எழுதாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது?

கொற்றவை: ஐயா, இப்போதா? வீட்டிலிருந்த ஒயின் கிளாஸில் "ஒரு கிளாஸ்" என்று எல்லோரும் ஊற்றுகிற மட்டம்வரை தண்ணீர் ஊற்றி அளவு குவளையில் கவிழ்த்தேன். 240 மில்லி! 150 என்று நினைத்து ஊற்றுகிறவர் குடிப்பது ஒன்றரை கிளாஸுக்கு மேல். மாறன், உங்கள் கிளாஸை அளந்துவிட்டு வந்து பேசுங்கள்.

மாறன்68: என் கிளாஸை நான் ஏன் அளக்கணும்? இருபது வருஷமா குடிக்கிறேன், ஈசிஜி சுத்தமா இருக்கு. எந்த ஒயின்ல ஒரு மில்லிகிராம்னு முதல்ல சொல்லுங்க.

கொற்றவை: மூன்றாவது முறை சொல்கிறேன். எந்த ஒயினானாலும் 500 வராது.

மாறன்68: எந்த ஒயின்னு கேட்டேன்.