லெகோலேண்ட் மலேசியா: அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய் வரலாமா?

துவாஸ்வாசி:
வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்குத் தஞ்சாவூரிலிருந்து அம்மா சிங்கப்பூருக்கு வருகிறார். பையனுக்கு ஏழு வயது, பாப்பாவுக்கு நாலு. பையன் எந்நேரமும் லெகோ கட்டிகளும் கையுமாக இருப்பவன். ஜொகூரில் இருக்கும் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எங்களிடம் கார் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. அவரை மட்டும் வீட்டில் விட்டுப் போகவும் மனம் வரவில்லை. காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிட முடியுமா? நீர்ப் பூங்காவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாமா?

ஸ்கூடாய் அக்கா:
தம்பி, தாராளமாகக் கூட்டி வாருங்கள். 2012இல் இந்தப் பூங்கா திறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகளை எல்லாம் நான்தான் அழைத்துப் போகிறேன். பாட்டி கூட வந்தால் பிள்ளைகளுக்கு அந்த நாளே வேறு மாதிரி இருக்கும்.

நீர்ப் பூங்கா இந்த முறை வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் உடை மாற்றுவதும் தலை துவட்டுவதுமாகப் பொழுது போய்விடும். அம்மாவுக்கும் அங்கே உட்கார்ந்து பையைக் காப்பதைத் தவிர வேலை இருக்காது.

கதவு திறந்ததும் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போங்கள். ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வரை உள்ள பிள்ளைகளுக்கானது அது. தண்டவாளத்தில் தானாக ஓடும் வண்டி இல்லை. சின்ன மின்சாரக் காரைப் பிள்ளையே ஓட்ட வேண்டும். சிக்னல் உண்டு, நிறுத்தக் கோடு உண்டு, எதிரே வண்டியும் வரும். முதலில் உட்கார வைத்து விதிகளைச் சொல்லிக் கொடுத்து, குழு குழுவாக அனுப்புவார்கள். அதனால்தான் அங்கே வரிசை மெதுவாக நகரும், கொஞ்சம் தாமதமாகப் போனால் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். பாப்பா அழ வேண்டாம், மூன்றிலிருந்து ஐந்து வயது வரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு குட்டித் தடம் இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அப்படிப் பொறுப்பாக நிறுத்தும்! எனக்கு அந்தப் பூங்காவிலேயே பிடித்த இடம் அதுதான். பெரிய டிராகன் ரோலர் கோஸ்டர்கூட எனக்கு அப்புறம்தான்.

அம்மாவுக்கு மினிலேண்ட். தாஜ்மகால், பெட்ரோனாஸ் கோபுரங்கள், உங்கள் ஊர் மெர்லயன் சிங்கமீன் சிலை என்று எல்லாமே லெகோ கட்டிகளால் செய்தவை. பேருந்து ஓடும், படகு நகரும், பொத்தானை அழுத்தினால் பொம்மைகள் அசையும். ஆனால் உச்சி வெயிலில் அங்கே கூட்டிப் போகாதீர்கள், நிழல் போதாது. நாலு மணிக்கு மேல் நல்லது. வெயில் நேரத்துக்கு 4டி சினிமா இருக்கிறது, குளுகுளுவென்று உட்கார்ந்து பார்க்கலாம். பூங்காவைச் சுற்றிவரும் ரயிலும், உட்கார்ந்தபடியே மேலே போய்ச் சுழன்று இறங்கும் கோபுரமும் அம்மாவுக்குச் சரிப்படும். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். வேண்டாம் என்றுதான் அம்மா சொல்வார், நம் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான். நீங்கள் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. பையனிடம் பழைய மினிஃபிகர், அதாவது லெகோவின் குட்டி மனிதப் பொம்மை, இருந்தால் ஒன்றிரண்டு சட்டைப் பையில் போட்டுக்கொள்ளட்டும். ஊழியர்கள் தங்கள் அட்டையில் மினிஃபிகர் குத்தியிருப்பார்கள், கேட்டால் மாற்றிக்கொள்வார்கள்.

பாலம் தாண்டி:
எல்லையைப் பற்றிச் சொல்கிறேன், நான் வேலைக்குத் தினமும் கடப்பவன். உட்லண்ட்ஸ் பாலம் பக்கம் போகாதீர்கள். துவாஸ் இரண்டாம் பாலம்தான் லெகோலேண்டுக்குப் பக்கம். பூங்கா வாசல் வரை நேராகப் போகும் பேருந்துகள் உண்டு. இரண்டு சோதனைச்சாவடியிலும் பைகளோடு இறங்கி ஏற வேண்டும், அதனால் மூட்டையைக் குறையுங்கள். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, எனவே இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒரே நாளில்தான் வரும். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில், பூங்கா திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

இந்தியக் கடப்பிதழ் என்றால் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும், கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள். அதைவிட முக்கியம், அம்மாவின் சிங்கப்பூர் விசா திரும்ப நுழைய அனுமதிக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும்போது அவருக்குச் சிங்கப்பூர் வருகை அட்டையும் மறுபடி நிரப்ப வேண்டும்.

ரெண்டு வாண்டு அம்மா:
நீர்ப் பூங்கா வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு வயதுக்கு அதைவிட நல்ல இடம் அங்கே இல்லை. மிதவையில் உட்கார்ந்தால் தண்ணீர் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகும், மிதந்து வரும் பெரிய மென்மையான லெகோ கட்டிகளைப் பொறுக்கி அதில் மாட்டிக்கொண்டே போகலாம். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். அம்மாவுக்கும் அலைச்சல் குறையும்.

ஸ்கூடாய் அக்கா:
தங்குவதாக இருந்தால் சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரே நாள் என்றால் மட்டும் வேண்டாம்.

துவாஸ்வாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவின் விசாவை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், பலமுறை நுழையலாம் என்று இருக்கிறது. அக்கா, மழை வந்தால் என்ன செய்வது? பையன் வேறு ரொம்பக் கூச்ச சுபாவம், மினிஃபிகர் மாற்றக் கேட்பானா தெரியவில்லை.

ஸ்கூடாய் அக்கா:
இடி மின்னல் வந்தால் வெளியில் இருக்கும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஜூனில் சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை விடியற்காலையிலேயேகூட அடிக்கும், காலையில் கொட்டுகிறதே என்று பயணத்தைக் கைவிட வேண்டாம், பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். அதுவரை லெகோ கார் செய்து சரிவில் ஓட்டிப் பார்க்கும் கூடத்தில் இருங்கள். பையன் அங்கிருந்து எழுந்து வந்தால்தான் ஆச்சரியம்.

கூச்சம் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் கேட்டுக் கொடுக்காதீர்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம். முதலில் பாட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஊழியரிடம் நீட்டட்டும், பேச மொழி வேண்டியதில்லை. பாட்டி மாற்றி வாங்கியதைப் பார்த்தால் அடுத்ததை அவனே கொண்டுபோவான். எங்கள் அண்ணன் பேரன் அப்படித்தான் ஆரம்பித்தான், சாயங்காலம் வாசலில் டிக்கெட் பார்ப்பவரைக்கூட விடவில்லை.