வரலாறு அறியாமல் புரட்சியாளரின் படத்தை அணியலாமா?

ஈசூன் மாறன்

எங்கள் வட்டாரத்து இளைஞர் காற்பந்துக் குழு இவ்வாண்டுப் போட்டிக்குக் கியூபப் புரட்சியில் போரிட்ட சே குவேராவின் முகம் அச்சிட்ட சிவப்புச் சட்டையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பிள்ளைகளிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். கியூபாவில் பிறந்தவர், அமெரிக்காவில் கொல்லப்பட்டவர் என்றார்கள். அவர் பிறந்தது 1928இல், அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில். பொலிவியாவில் லா இகேரா என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில், பிடிபட்ட மறுநாளான 1967 அக்டோபர் 9 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளைகள் நாட்டின் பெயரை மாற்றிச் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதர் எதற்காகத் துப்பாக்கி ஏந்தினார், யாரை எதிர்த்தார், கடைசியில் ஏன் கொல்லப்பட்டார் என்று அறியும் ஆவல் அவர்களில் ஒருவருக்கும் எழவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தம் உயிரைக் கொடுத்தும் பிறர் உயிரை எடுத்தும் ஒரு கொள்கைக்காக நின்றவரின் முகத்தை நெஞ்சில் சுமப்பவர், அவரைப் பற்றிய அடிப்படைச் செய்திகளையாவது அறிந்திருக்கக் கடமைப்பட்டவர் என்பது என் கருத்து. பூப்போட்ட சட்டைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பூ யாரையும் சுட்டதில்லை; பூவுக்காக யாரும் சிறை சென்றதுமில்லை.

செங்காங் கயல்

மாறன் ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன்; முடிவை ஏற்க இயலவில்லை. அந்தப் படம் உலகெங்கும் பரவிய விதத்தைப் பார்த்தால், அதை உருவாக்கியவர்களும் பரப்பியவர்களும் அணிபவரின் அறிவைச் சோதிக்க எண்ணியதாகத் தெரியவில்லை. லா கூப்ர் என்ற கப்பல் ஹவானாத் துறைமுகத்தில் வெடித்துப் பலர் மாண்ட மறுநாள், 1960 மார்ச் 5 அன்று, இரங்கல் கூட்டத்தில் கியூப ஒளிப்படக்காரர் அல்பெர்த்தோ கோர்டா எடுத்த படம் அது. மேடையின் முன்னால் சே சில நொடிகளே வந்து நின்றார். கோர்டாவுக்குக் கிடைத்தவை இரண்டே எடுப்புகள். மூலப்படத்தில் ஒரு பக்கம் வேறொருவரின் முகமும் மறுபக்கம் பனையோலையும் இருந்தன. இரண்டையும் வெட்டிய பிறகுதான் இன்று நாம் காணும் தனி முகம் பிறந்தது. கோர்டா வேலை செய்த நாளிதழ் அன்று அதை வெளியிடவே இல்லை. சே கொல்லப்பட்ட பிறகு இத்தாலியப் பதிப்பாளர் பெல்த்ரினெல்லி அதைச் சுவரொட்டியாக்கினார். 1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் சிவப்பிலும் கறுப்பிலும் வரைந்து, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கோர்டாவும் உரிமைத்தொகை கேட்டு யாரையும் துரத்தவில்லை.

பரவட்டும் என்று விட்ட படத்தை அணியும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஏன் தேர்வு வைக்க வேண்டும்? அந்த முகம் பிடித்திருக்கிறது, அதில் ஏதோ ஒரு துணிவு தெரிகிறது என்பதே அவனுக்குப் போதுமான காரணம். அறிந்த பிறகே அணியலாம் என்றால், அறிவதற்கான முதல் வாசலை அவனுக்கு அடைக்கிறோம்.

ஈசூன் மாறன்

கோர்டாவை நீங்கள் பாதி தூரம்தான் அழைத்து வந்திருக்கிறீர்கள். 2000ஆம் ஆண்டில் ஒரு வோட்கா விளம்பரத்தில் அந்தப் படம் வந்தபோது அவர் வழக்குத் தொடுத்தார். சேயின் நினைவையும் சமூக நீதியையும் பரப்ப விரும்புவோர் படத்தைப் பயன்படுத்துவதில் தமக்கு மறுப்பில்லை, மது விற்கப் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன் என்பது அவருடைய நிலைப்பாடு. உடன்பாட்டில் கிடைத்த 50,000 டாலரையும் கியூபக் குழந்தைகளின் மருத்துவத்துக்குக் கொடுத்தார். ஆகவே அந்தப் படத்தை எடுத்தவரே ஒரு எல்லைக்கோடு வரைந்திருக்கிறார். அவர் கேட்டது நோக்கம். யாரென்றே தெரியாதவரின் நினைவைப் பரப்பும் நோக்கம் ஒருவருக்கு எங்கிருந்து வரும்?

சிராங்கூன் அச்சகர்

நான் சட்டைகளுக்குப் படம் அச்சிடும் தொழிலில் இருப்பவன். இந்த விவாதத்தில் தொழில் சார்ந்த ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை செய்ய வேண்டும். சேயின் முகத்துக்கு ஒரே திரை போதும்: சிவப்புத் துணி, கறுப்பு மை, வேலை முடிந்தது. நிழலும் ஒளியும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கும் முகங்கள் குறைவு. அந்த முகம் சட்டைகளில் இவ்வளவு நிலைத்ததற்குக் கொள்கையைப் போலவே இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்பது என் அனுபவம். இப்போது கணினிவழி அச்சில் எத்தனை நிறமும் எடுக்கலாம் என்பதால் பகத் சிங், நேதாஜி, பெரியார், அம்பேத்கர் எல்லாரும் வருகிறார்கள்.

வாடிக்கையாளர் கைப்பேசியில் படத்தைக் காட்டுவார். நாங்கள் அளவையும் எண்ணிக்கையையும் கேட்போம். அதற்கு மேல் பேச்சிராது. ஒருமுறை தைப்பூசத்தில் காவடிக்குத் துணையாக நடக்கும் குழுவினர், முதுகில் வேலும் மார்பில் தொப்பி அணிந்த பகத் சிங்கும் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். தாம் ஏன் நாத்திகன் என்பதை விளக்கிச் சிறையிலிருந்து கட்டுரை எழுதியவர் அவர். அதைத் தமிழாக்கம் செய்த ஜீவா அதற்காகச் சிறை சென்றார். இந்தச் செய்தியை நான் சொன்னபோது குழுத் தலைவர் சற்று நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, வேல் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. செய்தி தெரிந்ததும் அவரே முடிவு செய்தார். ஆகவே அறிவு வேண்டும் என்ற மாறன் ஐயாவின் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் அதை அணிபவர் மட்டுமே தேடிக்கொள்ள வேண்டும் என்பதில்லை, விற்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

தோ பாயோ வள்ளியம்மை

சேயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் நமக்குத் தொலைவானவர். நம் சொந்த ஊர் வரலாற்றில் காலூன்றிய ஒரு முகத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்தார். ஜூலை 5 அன்று பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். மறுநாளே வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். என் தந்தை அவர்களில் ஒருவர். தோட்டத்தில் துரைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கக்கூட அஞ்சியவர்களை ஒருவர் ‘வீரர்களே’ என்று அழைத்தார் என்பதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் என் தந்தையின் அண்ணன் அதே தோட்டத்திலிருந்து, தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17 அன்று. அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் கேத்தேயில் பிரகடனம். அந்தப் பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள், அவர்களில் மலாயாத் தமிழர்களும் பெருந்தொகையினர். ஒரே வீட்டில் ஒரு மகனுக்குச் சீருடையும் இன்னொரு மகனுக்குச் சாவும் ஒரே ஜப்பானியரின் ஆட்சியில் வந்து சேர்ந்தன. எங்கள் பாட்டிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. பிரித்துப் பேசினால் எழுந்து போய்விடுவார்.

என் பேரன் நேதாஜி ராணுவ உடையில் நிற்கும் சட்டையை அணிந்து என்னோடு மின்தூக்கியில் இறங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி அந்தத் தொப்பியையும் கழுத்துப்பட்டையையும் உற்றுப் பார்த்து, இவர் ஜப்பானிய அதிகாரியா என்று கேட்டார். அவருடைய மூத்த அண்ணனை 1942 பிப்ரவரியில், ஜப்பானியர் சீனர்களைப் பிரித்தெடுத்துக் கொன்ற சூக் சிங் களையெடுப்பின்போது, ஜாலான் புசாரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் பேரன், இல்லை, இந்தியத் தளபதி என்று மட்டும் சொன்னான். அவனுக்கு அதற்கு மேல் தெரியாது. கீழ்த்தளம் வரும்வரை அந்த அம்மாளிடம் நான்தான் பேசினேன்.

கயல், உடை அவரவர் உரிமைதான். ஆயினும் அடுத்த வீட்டுக்காரர் எந்தத் துயரத்திலிருந்து வந்தவர் என்று தெரியாமல் அவர் எதிரில் நிற்க இந்த ஊரில் நமக்கு இடமில்லை. நான் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

செங்காங் கயல்

வள்ளியம்மை அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் பேரன் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் அறியாமை இளையோரிடம் மட்டும் இருப்பதுபோல் இந்த விவாதம் நகர்வதை ஏற்க முடியவில்லை.

நம் பெரியவர்களின் வீட்டுக் கூடத்தில் காந்தி, நேதாஜி, பகத் சிங் மூவரையும் ஒரே சட்டத்துக்குள் மாட்டியிருப்பதை நான் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். காந்தியின் அணியோடு முரண்பட்டு நேதாஜி 1939இல் காங்கிரஸ் தலைமையைத் துறந்தார். பகத் சிங் 1931 மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்டபோது, அதே மாதம் 5ஆம் தேதி வைஸ்ராய் இர்வினோடு உடன்பாடு செய்துகொண்ட காந்திக்குக் கராச்சியில் இளைஞர்கள் கறுப்புக் கொடி காட்டினார்கள். பெரியார் அந்த மாத இறுதியிலேயே குடிஅரசில் பகத் சிங்கைப் போற்றித் தலையங்கம் எழுதினார். இவ்வளவு சண்டையையும் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் அமைதியாக்கி வைத்தவர்களிடம் எவரும் கேள்வி கேட்கவில்லை. சுவரில் மாட்டினால் பக்தி, மார்பில் அணிந்தால் அறியாமை என்பது எப்படி நியாயம்?

இன்னொன்றும் உண்டு. அறியாமல் அணிபவனைவிட, அறிந்தும் பாதியை மறைப்பவரே எனக்குக் கூடுதல் கவலை தருகிறார். 1959இன் முதல் மாதங்களில் ஹவானாவின் லா கபானாக் கோட்டை சேயின் பொறுப்பில் இருந்தது. அங்கே புரட்சி நீதிமன்றங்கள் பலருக்கு மரண தண்டனை விதித்தன, மேல்முறையீடு அவரிடமே வந்தது. 1964 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் அவர் அதை மறைக்கவும் இல்லை. சுட்டிருக்கிறோம், தேவைப்படும்வரை சுடுவோம் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். மாறன் ஐயா தம் முதல் பதிவில் லா இகேராவை எழுதினார். லா கபானாவை எழுதவில்லை. அடிப்படைச் செய்தி எது என்று முடிவு செய்வது யார்?

ஈசூன் மாறன்

‘பிறர் உயிரையும் எடுத்தவர்’ என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். கோட்டையின் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். லா கபானாவும் அறிய வேண்டிய செய்திதான், அதில் எனக்குத் தயக்கமில்லை. புரட்சிக்கு முன் கியூபாவை ஆண்ட பத்திஸ்தாவின் சர்வாதிகாரத்தில் சித்திரவதை செய்தவர்கள் அங்கே தண்டிக்கப்பட்டவர்களுள் இருந்தார்கள் என்பதும், விசாரணைகள் அவசரமாக நடந்து முடிந்தன என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். இரண்டையும் கேட்ட பிறகு ஒரு பிள்ளை அந்தச் சட்டையை அணிந்தால் அவனுக்குக் கைகொடுப்பேன். கழற்றி வைத்தாலும் கைகொடுப்பேன். சுவரில் மாட்டிய பெரியவர்களும் கேள்விக்கு உட்பட்டவர்களே. ஆனால் அவர்கள் கேட்கப்படவில்லை என்பதற்காக நம் பிள்ளைகளையும் கேட்காமல் விடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

சிராங்கூன் அச்சகர்

ஒரு யோசனை. ஒவ்வொரு சட்டையோடும் உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு வைக்கலாம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். செலவு மிகச் சிறிது. சேக்கு நான் எழுதிய வரைவு இது: ‘எர்னஸ்டோ சே குவேரா, மருத்துவர், கெரில்லாப் போராளி. பிறப்பு 1928, அர்ஜென்டினா. கியூபப் புரட்சியில் தளபதி. 1959இல் லா கபானாக் கோட்டையில் மரண தண்டனைகளை உறுதிசெய்தவர். கொல்லப்பட்டது 1967, பொலிவியா. இப்படம் 1960இல் ஹவானாவில் கோர்டா எடுத்தது.’ நேதாஜிக்கு எழுத முயன்றேன். ஜப்பானியரைப் பற்றிய வரி வந்ததும் எழுதுகோல் நின்றுவிட்டது. அந்த வரியோடு யார் வாங்குவார்கள் என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது.

தோ பாயோ வள்ளியம்மை

அந்த வரியை விட்டுவிட வேண்டாம். எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவிடம் இருந்த இடத்தில் 1995இல் நட்ட பலகை இருக்கிறது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்தவுடன் இடித்துத் தள்ளிய நினைவிடம் அது. அங்கிருந்து சற்று நடந்தால் போரில் மாண்ட குடிமக்களுக்கான நினைவுச்சின்னம், நான்கு தூண்களோடு, 1967இலிருந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டு வரலாம். ஊரில் அருகருகே நிற்பவை ஒரு சீட்டில் அடுத்தடுத்து நிற்கக் கூடாதா? ‘ஜப்பானியப் படையின் துணையோடு இந்திய விடுதலைக்குப் போரிட்டார், அந்தப் படையின் ஆட்சியில் சிங்கப்பூர்ச் சீனர்களும் மலாயாத் தமிழர்களும் பெருந்தொகையில் மாண்டனர்’ என்று எழுதுங்கள். இரண்டு வாக்கியமும் உண்மை. இரண்டும் எங்கள் வீட்டில் நடந்தவை.

ஈசூன் மாறன்

இதில் எனக்கு உடன்பாடில்லை, அம்மா. சூக் சிங் நடந்தபோது நேதாஜி இங்கே இல்லை. ரயில்பாதை வேலையும் அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், படிக்கும் சிறுவன் அவரே செய்ததாக எடுத்துக்கொள்வான்.

தோ பாயோ வள்ளியம்மை

அப்படியானால் அவர் வந்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். சூக் சிங் 1942, அவர் வந்தது 1943. சிறுவனுக்குக் கணக்குத் தெரியும்.

செங்காங் கயல்

சீட்டை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வாசித்தீர்களா என்று யாரும் பின்னால் போய்க் கேட்கக் கூடாது. சட்டைப் பையில் மடித்து வைத்து ஓராண்டு கழித்து வாசிப்பவனும் இருப்பான்.

சிராங்கூன் அச்சகர்

கேட்க மாட்டேன். ஆண்டுகளோடு நேதாஜி வரைவைத் திருத்தி இங்கே இடுகிறேன். காற்பந்துக் குழுவின் சட்டைகள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மாறன் ஐயா, சேயின் சீட்டை முதலில் அந்தப் பிள்ளைகளிடமே காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் அந்தப் படமே வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.